மாமா நீட்டிய கிளாஸ்

அப்பா,

நீங்கள் தூங்கிய பிறகு போர்வைக்குள் ஒளிந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது; அதைவிடக் கோபம்.

"மாஸ்க் போட்டும் வீட்டுக்குக் கொரோனா வந்துடுச்சே, எல்லாம் சும்மா" என்கிறீர்கள். நம் ஹுவான்காயோ ஊர்ச் சந்தையில் பகலெல்லாம் மாஸ்க்கோடு உருளைக்கிழங்கு விற்றீர்கள், சரி. கடை மூடியதும் அதைத் தாடைக்கு இறக்கிவிட்டு, கடைக்காரர்கள் எல்லோரும் ஒரே கிளாஸில் மாற்றி மாற்றி பீர் குடித்தீர்களே? கிளெமென்டே மாமா இருமிக்கொண்டே நீட்டினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்; நீங்கள் தயங்கினீர்கள்.

"என்ன மச்சான், என் வாய் நாறுதா? குடிடா!"

குடித்தீர்கள்.

அம்மா குணமாக வேண்டி எல்லோரும் குடிக்க, மாமா நாளை நம் வீட்டுக்குப் பீரோடு வருகிறாராம். அவர் உள்ளே வராதபடி வாசல் கதவைப் பூட்டிவிட்டேன். சாவி என்னிடம் இருக்கிறது. அடித்தாலும் தரமாட்டேன்.

உங்கள் மகள்