மூன்று தட்டு வெனிலா

மதினி,

இன்று காலை அண்ணன் என் முன்னால் மூன்று தட்டுகளை வைத்தார். ஒன்றில் குமுளிக்காரர் கொடுத்த வெனிலாக் காய், ஒன்றில் பொள்ளாச்சிக்காரருடையது, மற்றது புதிதாக ஒருவர் அனுப்பிய சாம்பிள். "எது நல்லதுன்னு பாத்துச் சொல்லு" என்றவர், வழக்கம்போல வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

நீங்கள் இருந்தால் இந்தப் பயம் எனக்கு இருந்திருக்காது. சில வருடம் முன்பு வந்த காய்ச்சலோடு எனக்கு வாசனை தெரியாமல் போனது உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். ராஜபாளையத்தில் நம் ஐஸ்கிரீம் கடையே என் மூக்கை நம்பி ஓடுவதாகப் பேச்சிருந்த காலம் அது. நான் அழுதபோது, "இத எதுக்கு ஏட்டி ஊருக்கெல்லாம் சொல்லணும்? நீ வெரல்ல சுத்திப் பாரு, நான் மோந்து பாக்கேன்" என்றீர்கள்.

அப்படியே நான்கு வருடம் ஓட்டினோம். காய் ஒடியாமல் வளைகிறதா, எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்று நான் பார்ப்பேன். நீங்கள் முகர்ந்துவிட்டுக் காதோடு சொல்வீர்கள்: "இது கருப்பட்டிப் பாகு மாதிரி இருக்கு. அது வெறும் வைக்கோல்." அதையே நான் வியாபாரியிடம் உரக்கச் சொல்வேன். அவர் அசந்துபோவார். நீங்கள் உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வருவீர்கள்.

போன ஆவணியில் நீங்கள் கண்ணை மூடிய பிறகும் தட்டுகள் என்னிடமே வந்தன. சொல்லிவிடலாமென்று ஒவ்வொரு முறையும் வாயெடுப்பேன். சொன்னால் உங்களையும் அல்லவா சேர்த்துக் காட்டிக்கொடுக்க வேண்டும்? விரலில் வளைத்துப் பார்த்து ஏதோ ஒன்றைக் கைகாட்டுவேன்.

போன மாதம் ஒரு கட்டுக் காயின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. நல்ல காயில் பூக்கும் மினுமினுப்பு என்று நினைத்துவிட்டேன். பூஞ்சணம், மதினி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போன ஐஸ்கிரீமில் அதைத்தான் போட்டிருந்தோம். பால்கோவா ஊரிலிருந்து நம்மைத் தேடி வந்து கேட்டிருந்தார்கள். பெண்ணின் அம்மா போனில், "என்னம்மா இது, ஈரச்சாக்கு வாடை அடிக்கு. அம்புட்டுப் பேரும் அப்படியே வச்சிட்டுப் போயிட்டாக" என்றார். அண்ணன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் மூச்சுவிட்டிருப்பேன்.

அதனால் இன்று தட்டுகளைத் தொடவில்லை. "அண்ணே, எனக்கு வாசமே தெரியாது. மதினி இருந்த மட்டும் அவுகதான் மோந்து சொன்னாக" என்றேன்.

அவர் திரும்பவில்லை. வாசலைப் பார்த்தபடியே, "எனக்கு வாசம் நல்லாத் தெரியுது. அதான் கிட்டயே வராம இருக்கேன்" என்றார். "அவ கையில எப்பவும் இந்த வாசந்தானே. கட்டப் பிரிச்சா அவ வந்து நிக்கா. அன்னைக்கும் நான் மோந்து பாத்திருந்தா அந்தச் சரக்கு போயிருக்காது."

பிறகு வந்து உட்கார்ந்தார். முதல் தட்டை முகத்தருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவதை உடனே தள்ளினார். மூன்றாவதை முகர்ந்துவிட்டு, திரும்ப முதல் தட்டையே எடுத்தார். "இதுதான்" என்று தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

இனி ஒவ்வொரு சரக்குக்கும் அவர் இப்படி உட்கார வேண்டும். கடையை விட்டால் எங்கள் இருவருக்கும் வேறு பிழைப்பில்லை.

அவர் எழுந்து போன பிறகு, அந்தத் தட்டிலிருந்து ஒரு காயை எடுத்து மூக்கில் வைத்து இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. அதைச் சரக்கோடு சேர்க்க மனம் வராமல் முந்தானையில் முடிந்துகொண்டேன். முந்தானை வாசம் அவருக்கு எட்டிவிடக் கூடாதென்று, அண்ணன் பக்கத்தில் வரும்போதெல்லாம் விலகிப் போய்க்கொண்டிருக்கிறேன்.