மிதிபடகில் அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

தனேஸ்வரன் எழுதுகிறேன். முட்டிவலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன், சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

இத்துடன் இருக்கும் படம் ஈப்போ பூங்காவின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மரப்பலகையில் செதுக்கி, மை தடவி அச்சடித்தேன். ஒரு குரங்கு போலீஸ்காரரின் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிடுங்குகிறது. ஏரியில் மிதிபடகை மிதிக்காமல், செருப்பை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பது நீங்கள்தான். நீங்கள் இங்கே வந்ததே இல்லை, தெரியும். எங்கள் பட்டறையின் கண்காட்சிக்கு வந்தவர்கள் உங்களைப் பார்த்துத்தான் அதிகம் சிரித்தார்கள். கோபப்பட வேண்டாம்.

பலகையில் வலப்பக்கம் செதுக்கினால் தாளில் இடப்பக்கம் விழும். அதனால் செதுக்கும்போதே பட்டறை பெர்னடெட் அக்கா, "அம்மா மூக்குத்தி எந்தப் பக்கம்?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"என்னலா, அம்மா மொகமே மறந்துபோச்சா?"

தீபாவளிக்கும் நான் வராதது அவருக்குத் தெரியும். மூக்கை வெறுமையாகவே விட்டுவிட்டேன்.

நீங்களே சரியான பக்கத்தில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். கொஞ்சம் கருவாடும் வேண்டும். படத்தைத் திருப்பித் தபாலில் அனுப்பினால் கசங்கிவிடும், ஈப்போவுக்குக் கையிலேயே கொண்டு வாருங்கள்.

தபால் நிலையம் மூடுவதற்குள் இதை அனுப்ப வேண்டும்.

தனேஸ்