வள்ளம் இல்லாத பைகள்

இஞ்சேருங்கோ,

மகளின்ர பிறந்தநாளுக்கு வந்த பிள்ளையளுக்குக் குடுத்துவிடுற பைகளில இருந்து, பாய்மரம் வைச்ச பிளாஸ்ரிக் விளையாட்டு வள்ளங்களை அவசரமா எடுத்துக்கொண்டிருக்கிறன். வாசலில ஓட்டோ நிக்குது, பாதிதான் முடிஞ்சுது. மிச்சத்தை நீங்கள் எடுத்திட்டுக் கலர் பென்சிலைப் போடுங்கோ. அது அலுமாரிக்குள்ள இருக்கு, திறப்பு மாதா படத்துக்குப் பின்னால. ஒரு பையிலயும் வள்ளம் இருக்கக்கூடாது. ஒருத்திக்கு மட்டும் இல்லாட்டில் ஏன் எண்டு கேப்பாள்.

அந்த ஒருத்தி டிலுக்சியா. ஓம், நீங்கள் கூப்பிடவேண்டாம் எண்ட அருள்நேசன் அண்ணையின்ர மகள்தான். நான் கூப்பிட்டனான். வலைச் சண்டை உங்கள் ரெண்டு பேரோட நிக்கட்டும். காலமை கடலுக்குப் போகமுதல் அவரே கொண்டுவந்து விட்டவர். "உன்ர மனுசன் முகத்தைத் தூக்கினாலும் பரவாயில்லை, பின்னேரம் நானே வந்து கூட்டிக்கொண்டு போறன்" எண்டு சிரிச்சவர்.

பிள்ளையள் பக்கத்தில ஜெசிந்தா அக்கா வீட்டில நிக்கினம். கேக்கை வேளைக்கு வெட்டுங்கோ. எங்கட ஆன்சலா அழுதாலும் பாட்டுப் போடாதேங்கோ.

போனைச் சார்ஜில விட்டிட்டுப் போட்டீங்கள், அதுதான் எழுதுறன். வாசிச்சிட்டுக் கிழிச்சுப்போடுங்கோ.

பி.கு: டிலுக்சியாவுக்குக் கேக்கை உங்கட கையால குடுங்கோ. நான் அவளின்ர தாயோட ஆஸ்பத்திரிக்குப் போறன். நாங்கள் வரும்வரை அவளை றோட்டுக்கு விடாதேங்கோ. அப்பா எப்ப வருவார் எண்டு கேட்டால், பிந்தும் எண்டு மட்டும் சொல்லுங்கோ.

வள்ளம் கவிண்டுபோச்சு. அண்ணையை எழுவைதீவுக் கரையில எடுத்திருக்கினம். உயிர் இல்லை.