படம் எடுக்கப் போனவர்

குடவாசல்
5.7.2009

அன்புத் தங்கை ஃபிளோராவுக்கு, மரியே வாழ்க.

நெஞ்சைப் பிடிக்கிறது என்று போனில் வாய்தவறிச் சொன்னேன். உடனே தஞ்சாவூரில் இருதயத்தைப் படமெடுக்க நாள் வாங்கிவிட்டாயே! மஸ்கட்டில் நாலு பேருக்கு ஊசி போட்டால் நீ பெரிய டாக்டரா? போன வருஷம் என் தொடையில் குழாய் விட்டுப் பார்க்கணும் என்று ஒரு டாக்டர் சொன்னான். இப்போது வெளியிலிருந்தே இருதயக் குழாய் தெரியுமாம். நல்ல கூத்து. நாற்றங்காலை விட்டுவிட்டு நான் போய் மல்லாந்து படுக்கவா?

உன் அண்ணிக்கென்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள்.

மரியஅந்தோணி

மஸ்கட்
18.7.2009

அன்புள்ள அண்ணனுக்கு,

கையில் ஒரு ஊசி, கொஞ்ச நேரம் மூச்சை அடக்கணும், அவ்வளவுதான். நாடி நிதானமாக ஓடினால்தான் படம் கலங்காமல் விழும். அதனால் அன்றைக்குக் காபி கூடாது. காபி கூடாது. உங்கள் மண்டைக்கு ஒரு தடவை சொன்னால் ஏறாது.

அப்பாவும் வாயு, வாயு என்று சொல்லிக்கொண்டேதான் வரப்பில் சாய்ந்தார். வீம்பு பண்ணாமல் போங்கள். அண்ணியையும் கூட்டிப் போங்கள், காபிக் கடை வாசலில் உங்களை இழுத்துப் பிடிக்க ஆள் வேணும்.

ஃபிளோரா

குடவாசல்
8.8.2009

ஃபிளோராவுக்கு,

இன்று போய்வந்தோம். சாப்பிடாதே என்றால் சாப்பிடவில்லை. காபி சாப்பாட்டில் சேர்த்தியா? கும்பகோணத்தில் பஸ் மாறும்போது இரண்டு டபரா குடித்தேன். உன் அண்ணி முறைத்தாள், யார் கண்டுகொண்டார்கள். அங்கே நாடி பார்த்த பெண், "மாத்திரை கொடுத்தும் அடங்கலைங்க ஐயா, இன்னொரு நாள் வாங்க" என்றது.

அங்கிருந்த டாக்டர் பயல் என்னை விட்டுவிட்டு, மாடிப்படி ஏறி வேர்த்து உட்கார்ந்திருந்த உன் அண்ணி விண்ணரசியிடம், "எத்தனை நாளா இப்படி இருக்கும்மா?" என்று கேட்டான். "வயசானா வர்றதுதானே தம்பி" என்றாள் இவள். எனக்கு வைத்திருந்த நேரத்தில் அவளைப் படுக்கவைத்துவிட்டார்கள்! களையெடுக்க முதல் ஆளாய் இறங்குகிறவளுக்கு இருதய நோயாம். முடிவு வரும்வரை இருக்கச் சொன்னார்கள். பஸ் போய்விடும் என்று அவளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். படம் உனக்கு வரும். பார்த்துவிட்டு நன்றாகச் சிரி.

மரியஅந்தோணி

தஞ்சாவூர்
10.8.2009

அன்புத் தங்கச்சிக்கு,

நேற்று நீ படத்தைப் பார்த்துவிட்டுப் போனில் கத்தியதும் கார் பிடித்து அவளைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். மூன்று குழாயிலும் அடைப்பாம். டாக்டர் படத்தைக் காட்டிச் சொன்னார். எனக்குக் கண் ஒன்றும் தெரியவில்லை.

இப்போதுதான் ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது, "காபி குடிச்சீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. உண்மையிலேயே குடிக்கவில்லை, ஃபிளோரா. பயமாக இருக்கிறது. நீ வா.

முந்தாநாள் போட்ட கடிதம் இன்னும் வழியில்தான் இருக்கும். வந்தால் பிரிக்காமல் கிழித்துப் போடு. அதில் உன்னைச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணன்