பெட்டியில் நடியாதே என்றவர்

நெடுந்தீவு,
திருநாள் முடிந்த மறுகிழமை.

அன்பு மகன் மிரோஜனுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் அப்பாவும் உன் தங்கச்சி தர்சனாவும் சுகம், மாடுகளும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். இந்தக் காலத்தில் ஆர் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். நீ போனை எடுத்திருந்தால் நான் பேனையைத் தேடியிருக்கமாட்டேன். எடுத்தாலும் இதைப் போனில் சொல்ல ஏலாது, ஸ்பீக்கரில் போட்டுக் கதைக்கிற வீடு இது, அப்பா பக்கத்திலேயே இருப்பார். திருநாளுக்கு வந்த யாகப்பு அண்ணையின் மகள் நாளைக்குப் பாரிசுக்குத் திரும்புகிறாள், அவளிடம் கொடுத்துவிடுகிறேன், கூடவே பனங்கட்டியும் புழுக்கொடியலும் இருக்கிறது, உன் அறைப் பெடியளுக்கும் கொடு.

நீ கீபோர்டை விற்றுவிட்டு உணவகத்தில் முழுநேரமாக நிற்கப் போகிறாய் என்று தர்சனா சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் அப்பப்பா கூத்துப் பழக்குகிற அண்ணாவியார், அவருக்குப் பக்கத்தில் அப்பா ஆர்மோனியப் பெட்டி, நான் கோயிலில் பாட்டு, எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்தால் அது என்ன சுருதியில் அழுகிறது என்றுதான் முதலில் பார்ப்போமாம், ஊரில் பகிடி பண்ணுவார்கள். கால் நிலத்தில் முட்டாத வயதில் நீ பூசைக்கு வாசித்தாய், பிறகு யாழ்ப்பாணத்தில் இசைக்குழு, கொழும்பில் ஒலிப்பதிவுக் கூடம், இப்போது பிரான்சில் கலியாணவீட்டிலும் சாமத்தியவீட்டிலும் வாசிப்பு. இவ்வளவு தூரம் வந்த கையை ஒரு பேச்சுக்காக மடக்கலாமா?

அப்பா பேசினது பிழைதான். நீ கலியாணவீடு ஒன்றில் வாசித்த வீடியோவைத் தர்சனாவின் போனில் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிப்பாட்டச் சொன்னார். இவன்ர கை மேல ஏறுது, சத்தம் கீழ இறங்குது, பார் என்றார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது, அது எங்கேயோ பதிந்து வைத்த பாட்டு, நீ சத்தமில்லாத கீபோர்டில் சும்மா விரலை ஓட்டுகிறாய். உடனே உனக்குப் போன் எடுத்து, நடிக்கிறதெண்டால் கூத்தில நடி, பெட்டியில நடியாதை என்று சொல்லிவிட்டு வைத்தார். விழாக்காரர் அப்படித்தான் கேட்டார்கள், மாட்டேன் என்றால் அடுத்தமுறை வேறு ஆளைப் பிடிப்பார்கள் என்று நீ தர்சனாவிடம் அழுதது அவருக்குத் தெரியாது. தவக்காலத்தில் நடந்தது, நீ இன்னும் அவரோடு கதைக்கவில்லை.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம். அப்பாவுக்குச் சீனி வருத்தம் கூடி வலது கை விரல்கள் விறைத்துப்போய்விட்டன, சேட்டுப் பொத்தான் பூட்டிவிடுவதும் நான்தான். உனக்குச் சொல்லக்கூடாது என்பது அவருடைய கட்டளை. திருநாளுக்கு வெளிநாட்டுச் சனமெல்லாம் வந்து நிற்கிறது, பெட்டிக்கு முன்னால் அவர் இல்லாவிட்டால் பாடகர் குழாம் பயந்துபோகும். அதனால் நீ கோயிலுக்கு அனுப்பிய கீபோர்டைப் பாடகர் குழாமில் இருக்கிற பிள்ளை நிலக்சனா தூணுக்குப் பின்னாலிருந்து வாசித்தாள். அப்பா முன்னாலிருந்து இடது கையால் துருத்தியை அசைத்தார், வலது கை கட்டைகளைத் தடவிக்கொண்டே போனது, பெட்டியில் ஒரு சத்தமும் இல்லை. சனத்துக்குத் தெரியாது. பக்கத்தில் நின்று பாடின எனக்குத் தெரியும், அந்தக் கையையே பார்த்துக்கொண்டு இரண்டாம் அடியைப் பாடாமல் விட்டுவிட்டேன். பூசை முடிந்ததும் ஆட்கள் வந்து அவருடைய கையைப் பிடித்து, அண்ணை இந்தமுறை வாசிப்புத் திறம் என்றார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வீட்டு வாசல் படலையடிக்கு வந்த பிறகுதான், சும்மா கையை ஆட்டிப்போட்டுப் புகழ் கேக்கிறது சரியான கஷ்டமப்பா, பெடியன் இதை எத்தினை மேடையில தாங்கினானோ என்றார். பிறகு, அவனுக்குச் சொல்லிப்போடாதை என்றார்.

நான் சொல்லிவிட்டேன். மன்னிப்புக் கேட்க அவருக்கு வராது, உனக்கும் அந்த வீம்புதான், இரண்டு பேருக்கும் நடுவில் காய்கிறவள் நான். ஞாயிற்றுக்கிழமை எடு. வீடியோவைப் பற்றிக் கதைக்காதே, விரலைப் பற்றியும் கேளாதே. போனைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்து, அவருக்குப் பிடித்த பாட்டு ஒன்றை முழுதாக வாசி. அதற்குப் பிறகும் விற்கத்தான் வேண்டும் என்றால் வில், நான் தடுக்கமாட்டேன்.

ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே. மாதா உன்னையும் உன் இரண்டு கைகளையும் காக்கட்டும். ஞாயிறை மறந்துவிடாதே மகன், பூசை முடிந்து வந்தால் அப்பா போன் கிடக்கிற மேசையடிக் கதிரையை விட்டு எழும்புவதில்லை, கேட்டால் அங்கேதான் காற்று வருகிறது என்கிறார்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அம்மா,
றோசம்மா