நோவாவின் பேழைக்குப் பின்னால்

மார்ச் 3, 1949, வியாழன்
மழை. துணியெல்லாம் சமையலறையில் காய்கிறது. என் வீட்டுக்காரர் மெரிட் இன்று ஸ்டுடியோவிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். அவருடைய நாவல்தான் படமாகிறது. திரைக்கதை என்று வேறு இருவர் பெயர் மட்டும் வருமாம். முதல் வரைவு இவருடையது. அது அங்கே கோப்பில் இல்லையாம். எழுத்தாளர் சங்கத்தில் மூன்று பேர் எல்லா வரைவுகளையும் படித்துத் தீர்ப்புச் சொல்வார்கள். திங்களுக்குள் கொடுக்க வேண்டும்.

"கார்பன் பிரதி நம்மகிட்ட இருக்குல்ல, வெல்மா?"

இருக்கிறது என்றேன்.

மார்ச் 4
இல்லை. கர்த்தாவே, எப்படிச் சொல்வேன்? வேலை முடிந்த தாள்தானே என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் வரையக் கொடுத்துவிட்டேன். ஒருபக்கத் தாளை வீணாக்க மனம் வராது. ஊரில், நெப்ராஸ்காவில் இருந்தபோது, அந்த நாவலையே தீவனக் கடை நாட்காட்டிகளின் பின்பக்கத்தில்தான் எழுதினார். அடுப்பருகே நான் தட்டச்சு செய்வேன். அவர் ஆப்பிள் சீவிக்கொண்டே வாசிப்பார். ஒரு வார்த்தைக்காக இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறோம். எவ்வளவு நல்ல சண்டைகள்! சினிமாவுக்கு எழுத இங்கே வந்தபின் எதையும் வாசித்துக் காட்டுவதில்லை. நானும் கேட்பதில்லை — ஏன்?

மார்ச் 5
சொல்லிவிட்டேன். என் கோட்டை எடுத்து நீட்டினார். "புள்ளைங்க வரைஞ்சதை யாரு தூக்கிப் போடுவா? தேடிப் பாரு."

ஆலயத்தில் ஞாயிறு பள்ளி அலமாரிச் சாவி, என்னோடு பாடம் எடுக்கும் ஓப்பல் டன்னிங்கிடம். "உன் வீட்டுக்காரர் எழுத்துக்குப் பின்னாடி நோவா பேழை ஓட்டுறாரு பாரு," என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நூற்றிருபது பக்கத்தில் தொண்ணூற்று நான்கு கிடைத்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் நான் அடித்த தேதி இருக்கிறது. அந்தப் பழக்கத்துக்கு ஸ்தோத்திரம்.

மார்ச் 7
காலையில் படகுத்துறைக் காட்சியைச் சத்தமாக வாசித்தார். "பரவால்லையே, நல்லாத்தான் எழுதியிருக்கேன்."

"முடிவு இழுக்குது," என்றேன்.

"இப்பத்தான் சொல்லத் தோணுச்சா உனக்கு?"

பிறகு தாள்களைக் கட்டாக அக்குளில் இடுக்கிக்கொண்டு சங்கத்துக்குக் கிளம்பினார். "அந்த மூணு பேரும் ஒட்டகச்சிவிங்கியையும் சேர்த்துத்தான் படிக்கணும்."

மார்ச் 20
செய்தி இல்லை. ஜெபம்.

செப்டம்பர் 9, வெள்ளி
படத்தின் முதல் காட்சிக்குப் போனோம். ஓப்பலும் வந்தாள். சங்கம் இவர் பக்கம் தீர்ப்புச் சொல்லியும், ஸ்டுடியோ பெயரைப் போடுமா என்று அவருக்குக் கடைசிவரை சந்தேகம். விளக்கணைந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். "வந்தா சொல்லு."

திரைக்கதை என்று மூன்றாவதாக அவர் பெயர் வந்தது. அவர் கையை அழுத்தினேன். அவர் கண்ணைத் திறப்பதற்குள் அது போய்விட்டது.