பழுக்கும் முன் அறுத்த இலை

திருச்சி
21 ஜனவரி 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

சேசு மரி சூசை துணை. நான் சுகம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி? நவதுறவகத்தில் போன் கிடையாது. எல்லாவற்றையும் கடிதத்தில்தான் கொட்ட வேண்டியிருக்கிறது.

கன்னியாஸ்திரிகளாக முதல் வார்த்தைப்பாடு எடுக்கும் முன், இங்கே பயிற்சியில் இருக்கும் எங்கள் நால்வர் வீட்டுக்கும் இல்லத் தலைவி மதர் வருவார். நம் வீட்டுக்கு பிப்ரவரி நான்கு, ஞாயிறு. எழுதவே கூசுகிறது, அப்பா. நீங்கள் கத்தரித் தோட்டம் வைத்திருப்பதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன். தினமும் காலையில் இங்கே எங்கள் சபை மருத்துவமனையில் வாய்ப் புற்றுநோய்க்காரர்களின் புண்ணைக் கழுவுகிறேன். நம் வீட்டில் சுருட்டுக்குப் புகையிலை போடுகிறோம் என்று எந்த வாயால் சொல்வது? அன்று ஒரு நாள் மட்டும் அது கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்பு மகள்,
ரீனா

அகரம்
6 பிப்ரவரி

அன்பு மகள் ரீனாவுக்கு,

மதர் வந்தார். அம்மாவின் கோழிக்குழம்பை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். உன் மானம் தப்பியது.

இடுப்புயரம் நிற்கும் பயிரை எந்தச் சாக்கால் மூடுவது? முந்தின நாளே அறுத்துக் கொட்டகைக்குள் அடுக்கித் தென்னங்கீற்றைப் போட்டு மறைத்துவிட்டேன். புறப்படும்போது மதர், "எங்க இல்லத்துக்கு ரெண்டு கிலோ கத்தரிக்கா குடுங்க" என்றாரே பார்க்கலாம்! பறிக்கப் போகிறவன்போலப் பின்பக்கம் போய், சைக்கிளை மிதித்துத் தாடிக்கொம்புக் கடைக்கு ஓடினேன். "இப்பத்தான் பறிச்சேன், மதர்" என்று கொடுத்தேன். கடைக்காரன் தெளித்த தண்ணீர்கூடக் காயவில்லை. அவர் எனக்கு ஆசீர்வாதம் தந்துவிட்டுப் போனார்.

அப்பா,
மிக்கேல்ராஜ்

திருச்சி
15 பிப்ரவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

கத்தரிக்காயை எல்லோரும் புகழ்ந்து சாப்பிட்டார்கள். நான் என் பங்கைப் பக்கத்துத் தட்டில் தள்ளிவிட்டேன். இலை பழுக்க இன்னும் மூன்று வாரமாவது இருந்திருக்குமே. அறுத்ததெல்லாம் என்ன ஆயிற்று?

ரீனா

அகரம்
25 பிப்ரவரி

அன்பு மகளுக்கு,

நீ கேட்காமல் இருந்திருக்கலாம். பச்சையாக அடுக்கியதில் கொதித்துக் கறுத்துவிட்டது. சுருட்டுக் கம்பெனி பெருமாள்சாமி முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னப்பு, பச்சை வாடையில்ல அடிக்குது! சுருட்டுக்கு ஆகாது" என்று பைக்கில் ஏறிவிட்டார். ஊரில் என்னை முன்கோபி என்பார்கள். இலைப் பதம் தெரியாதவன் என்று எவனும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறார்கள்.

அதைவிட வேறொன்று உறுத்துகிறது. நீ கழுவும் வாய்களில் என் இலை பட்ட வாயும் இருக்குமோ? இத்தனை வருடம் அதை நினைக்காமலே விளைவித்து உன்னைப் படிக்கவைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, தாயீ.

வார்த்தைப்பாட்டுக்கு அம்மா வருவாள். கைபிடித்துப் பீடம்வரை கூட்டிவர அவள் ஒருத்தி போதும். மதர் முகத்தில் என்னால் முழிக்க முடியாது.

அப்பா

திருச்சி
3 மார்ச்

அன்புள்ள அப்பாவுக்கு,

மதரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்தரிக்காய் கதையைக் கேட்டு முதலில் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. மற்ற மூவரும் மே மாதம் வார்த்தைப்பாடு எடுக்கிறார்கள். என்னை ஒரு வருடம் தள்ளிவைத்திருக்கிறார். புகையிலைக்காக இல்லை, பொய்க்காக. ஒரு மாதம் வீட்டில் இருந்துவிட்டு வரச் சொல்கிறார்.

அந்த இலையை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை, அப்பா. பிடிக்கிறது என்று எழுதினால் அது இன்னொரு பொய். ஆனால் உங்களை உங்கள் வீட்டிலேயே ஒளிய வைத்தேனே, அதை நினைத்தால் இரவில் உடம்பு குறுகிப்போகிறது.

வரும் சனிக்கிழமை மதியம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்குவேன். அம்மாவை அனுப்ப வேண்டாம். நீங்கள்தான் வர வேண்டும். வரும்வரை அகரம் பஸ்ஸில் ஏறமாட்டேன்; அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் மகள்,
ரீனா